நான்காம் எண் நாற்காலி

போன மாதம் கார்த்திகா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்தவள். வேலைக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரிகளை முதல் சுற்றில் இப்போது மனிதர்கள் யாரும் பார்ப்பதில்லையாம். பிள்ளைகள் வீட்டிலிருந்தே கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும், கம்ப்யூட்டர் மார்க் போட்டுவிடும் என்றாள். "காலேஜ் பசங்களுக்குக் குடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடறோம் மேடம். வேலை குடுக்கறவங்க என்ன எதிர்பார்க்கறாங்கன்னு பத்துப் பாயின்ட் எழுதிக் குடுங்களேன். நீங்க பார்க்காத பசங்களா?"

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நேரம் தவறாமை, தன்னம்பிக்கை, பேச்சுத் திறன் என்று நாலு பாயின்ட் வருவதற்குள் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்துவிட்டது. இதெல்லாம் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்த வேலையில் நான் செய்த ஒரு தப்பை எழுத ஆரம்பித்தேன். கார்த்திகாவின் புத்தகத்துக்கு இது ஆகாது என்று தெரியும். போட்டால் போடட்டும்.

நான் பி.காம். முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கிண்டியில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். மாம்பலத்தில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துவதும் அதைப் பராமரிப்பதும் கம்பெனியின் தொழில். டைப்ரைட்டர்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது என்னைப் பர்சனல் டிபார்ட்மென்டுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அதற்கு ஹெச்.ஆர். என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் மாறியது, மேசையும் ஆடுகிற நாற்காலியும் அதேதான். மொத்தம் முப்பத்தோரு வருஷம்.

அதில் பாதிக்கு மேல் சாரங்கன் சாருக்குக் கீழே. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர். பன்னிரண்டே முக்காலுக்குத் தயிர்சாத டப்பாவைத் திறப்பார், ஒரு மணிக்கு மூடுவார், நடுவில் எம்.டி. கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். அவரிடம் ஒரு சிவப்புப் பென்சில் உண்டு. நேர்காணல் தாளில் நான் 'நல்ல பையன்', 'சுறுசுறுப்பான பெண்' என்று எழுதியிருந்தால் அதைச் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார்.

"நல்ல பையன்கறது உங்க அபிப்ராயம், விஜயா. அவனை ஆத்துக்கு மாப்பிள்ளையா எடுக்கப் போறேளா? என்ன பண்ணினான், என்ன சொன்னான், அதை எழுதுங்கோ."

முதல் இரண்டு வருஷம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே எழுதினேன். பிறகு பழகிவிட்டது. ஒரு பிள்ளை சொன்ன நல்ல வாக்கியத்தை அப்படியே, அது பேசின தமிழிலேயே, தாளில் பிடித்துப் போடுவதில் ஒரு ருசிகூட வந்துவிட்டது.

கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எட்டு எட்டுப் பேராக வட்டமாக உட்கார வைத்து, ஒரு பிரச்சினையைக் கொடுத்து, இருபது நிமிஷம் அவர்களையே பேசவிடுவோம். எல்லாக் கம்பெனியும் செய்வதுதான். எங்களிடம் மட்டும் ஒரு வித்தியாசம், மார்க் போடுகிறவர்களுக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியாது. ஒன்றிலிருந்து எட்டு வரை நாற்காலிகளில் எண் ஒட்டியிருக்கும். வாசலில் நிற்கும் கிளார்க் பெயரைக் குறித்துக்கொண்டு, "நீ மூணு, நீ நாலு" என்று உள்ளே அனுப்புவார். நாங்கள் நாற்காலி எண்ணுக்குத்தான் மார்க் போடுவோம். எந்த எண் யார் என்பது அவர் பட்டியலில் இருக்கும். கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

எதற்கு சார் இவ்வளவு சுற்று என்று ஒரு தடவை கேட்டேன்.

"பேரைக் கேட்டா ஊரைக் கேக்கத் தோணும். ஊரைக் கேட்டா அடுத்ததையும் கேக்கத் தோணும். எனக்கு இந்த வேலை என் பேருக்காகக் கெடச்சுது விஜயா. அதனாலதான் சொல்றேன்," என்றார்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். தேர்வாகாத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே வரியில் காரணம் எழுதி, கல்லூரியில் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு வருவோம். ஏன் எடுக்கவில்லை என்று தெரிந்தால்தானே அடுத்த இடத்தில் திருத்திக்கொள்வார்கள் என்பார். வேறு எந்தக் கம்பெனியும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

நான் சொல்ல வந்த வருஷம் எங்களுக்கு சர்வீஸ் டெஸ்குக்கு ஆறு பேர் தேவைப்பட்டார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசி, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று விசாரித்து மெக்கானிக்கை அனுப்புகிற வேலை. ஏதாவது ஒரு டிகிரி போதும். தமிழிலேயே பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவன் இங்கிலீஷிலா கத்துவான் என்பது சாரங்கன் சாரின் கேள்வி.

அடையாறு பக்கம் ஒரு கல்லூரி. மாடியில் ஒரு நீளமான வகுப்பறை, மேற்கு ஜன்னலுக்குத் திரை கிடையாது. காலையிலிருந்து பன்னிரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் தேறினவர்களைப் பக்கத்து அறையில் சாரங்கன் சாரும் சர்வீஸ் மேனேஜரும் நேர்காணல் செய்துகொண்டிருந்தார்கள். குழு விவாதத்தைக் கவனிக்க நானும் ஓர் இன்ஜினியரும். பிற்பகல் மூன்று மணிக்கு வந்த குழுவுக்குக் கொடுத்த பிரச்சினை இது: இருபது வீடுள்ள ஒரு குடியிருப்பு, மோட்டார் கெட்டுவிட்டது, ஒரே ஒரு தண்ணீர் லாரி வருகிறது, எப்படிப் பங்கிடுவீர்கள்?

வழக்கம்போல் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு இத்தனை குடம் என்று ஒருவன், தலைக்கு இத்தனை என்று இன்னொருவன். இரைச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்த நான்காம் எண் பெண் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை அப்படியே என் தாளில் எழுதினேன்: 'எவ்ளோன்றத அப்புறம் பேசலாம். மாடி ஏறிப் போக முடியாதவங்க யாரு, கைக்கொழந்த வச்சிகினு கீறவங்க யாருன்னு மொதல்ல கேட்டுக்கலாமா?'

அதற்குப் பிறகு அந்தக் குழு அவள் பின்னால் போயிற்று. பேசாதவர்களை அவளே இழுத்துவிட்டாள். ஐந்தாம் எண் பெண்ணிடம் இரண்டு தடவை "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் போட்ட மார்க்குகளிலேயே நான்குக்குப் போட்டதுதான் அதிகம். ஐந்துக்கு ஒரே வரி: 'பேசவில்லை.'

நான்காம் எண் யார் என்று கிளார்க்கின் பட்டியலைப் பார்த்தார்கள். சங்கீதா என்று இருந்தது. பக்கத்து அறைக்கு அழைத்தார்கள், நேர்காணலில் நிதானமாகப் பதில் சொன்னாள், தேர்வானாள். ஐந்தாம் எண் தேன்மொழி. அவள் பெயருக்கு எதிரே 'குழு விவாதத்தில் பேசவில்லை' என்று டைப் செய்து, ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஐந்து மாதம் கழித்து சங்கீதா வேலையில் சேர வந்தாள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் வேலை. தொண்ணூறுக்குக் குறையாத முகங்களை ஒரே நாளில் பார்த்தவளுக்கு எந்த முகமும் நினைவில் நிற்காது. ஆனால் கோப்பில் என் கையெழுத்தில் அந்தத் தண்ணீர் லாரி வாக்கியம் இருந்தது. பாராட்டுகிற ஆசையில் அதை உரக்கப் படித்துவிட்டு, "நல்லா சொன்னேம்மா அன்னிக்கு," என்றேன்.

அந்தப் பெண் சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அது நான் சொல்லல மேடம். தேனு சொன்னது."

"தேனு யாரு?"

"தேன்மொழி. என் கிளாஸ்மேட். எனக்கு நாலாம் நம்பர் குடுத்தாங்க. அந்தச் சேர்ல மூஞ்சிக்கு நேரா வெயில் அடிச்சுது. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். தேனுதான், நீ இங்க வா, நான் அங்க குந்திக்கிறேன்னு மாத்திக்கிச்சு." உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் செலக்ட் ஆனதும் எனக்கே புரியல மேடம். இன்டர்வியூவுல நல்லா சொன்னேன் போலன்னு நினைச்சுக்கிட்டேன். சேருக்குத்தான் மார்க்குன்னு எங்களுக்குத் தெரியாது."

இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருப்பது ஒன்று உண்டு. அவர்கள் மாறி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு பெண்கள் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, இடம் மாற்றிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. நாற்காலியில் எண் இருக்கிறதல்லவா, யார் உட்கார்ந்தால் என்ன என்று பேனாவைத் திறந்தவள் நான்தான். பெயரை மறந்து மார்க் போட்டுப் போட்டு, ஆளையும் மறந்திருக்கிறேன்.

சங்கீதா உறையை மேசை மேல் வைத்தாள். "நான் போயிடறேன் மேடம். தேனைக் கூப்பிடுங்க."

அவளை உட்காரச் சொல்லிவிட்டு சாரங்கன் சாரிடம் ஓடினேன். மணி பன்னிரண்டு ஐம்பது. டப்பா திறந்திருந்தது. நான் சொல்லி முடித்ததும் அதை மூடி வைத்துவிட்டு என்னோடு எழுந்து வந்தார். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சேர் மாத்திண்டது உங்க தப்பு இல்லம்மா," என்றார் சங்கீதாவிடம். "நம்பரைச் சேர்ல ஒட்டினது என் தப்பு. ஆர்டர்ல கையெழுத்துப் போட்டது கம்பெனி. உங்க வேலை உங்களுதுதான். போய் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுங்கோ."

சங்கீதா அப்புறம் அந்த வேலையில் எப்படி இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் ஆழ்வார்பேட்டையில் ஒரு பெரியவர் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு போனில் கத்து கத்தென்று கத்தினார். வேறு யாராக இருந்தாலும் "சார், பதட்டப்படாதீங்க சார்" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார்கள். இவள் அவர் கத்தி முடிக்கும்வரை கேட்டாள், மூன்றே கேள்வி கேட்டாள், மெக்கானிக் வரும்வரை லைனில் இருந்தாள். நான் எழுதின 'பேசவில்லை' சரியாக அவளுக்கே போய்ச் சேர்ந்திருந்தால் அவள் அந்த நாற்காலிக்கே வந்திருக்க மாட்டாள். வேலை கொடுப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று என்னைக் கேட்டால், பல சமயம் அவர்களுக்கே தெரியாது என்பேன்.

சங்கீதா சேர வந்த அன்று பிற்பகலே சாரங்கன் சார் எம்.டி.யிடம் போனார். நடந்ததைக் கல்லூரிக்கும் தேன்மொழிக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும், காலியாக இருக்கிற ஓர் இடத்துக்கு அவளை நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்றார். தேர்வான ஆறு பேரில் ஒரு பையன் வேறு எங்கோ சேர்ந்துவிட்டதால் அந்த இடம் இருந்தது. நேர்காணலுக்கு எம்.டி. சம்மதித்தார். கடிதத்துக்குச் சம்மதிக்கவில்லை. "நம்ம தப்பை நாமே லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுப்போமா சார்? யாருக்குத் தெரியப் போகுது?" என்றாராம்.

சார் அறைக்கு வந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கம்பெனி பெயர் போடாமல், தன் கைப்பட எழுதினார். குழு விவாதத்தில் தேன்மொழிக்கு உரிய மார்க் அன்றைய எல்லா மாணவர்களிலும் அதிகம், தவறு தேர்வு முறையை வகுத்த என்னுடையது, இப்படிக்கு என்று கையெழுத்து. ஒரு பிரதியைக் கல்லூரிக்குத் தபாலில் அனுப்பினார். இன்னொன்றை என்னிடம் கொடுத்தார். "போன்ல சொல்ற விஷயம் இல்ல இது. நேர்ல போயிட்டு வாங்கோ."

நான் ஏன் போக வேண்டும், சாரே எழுதிவிட்டாரே என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. 'பேசவில்லை' என்பது என் கையெழுத்து என்ற நினைப்பு வந்ததும் கடிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தேன்மொழி தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் இருப்பதாக சங்கீதா சொன்னாள். ஆடித் தள்ளுபடி நேரம். ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. மூன்றாவது மாடி, காட்டன் புடவைப் பிரிவு. சீருடைப் புடவையில் வரிசையாக நின்ற பெண்களில் பெயர்ப் பட்டையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

"இன்னா பாக்கறீங்க மேடம்? செட்டிநாடா, கோவையா?"

நான் யார் என்று சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "சும்மா பேசினா சூப்பர்வைசர் திட்டுவாரு மேடம். நான் பிரிச்சிப் போடறேன், நீங்க பாக்கற மாதிரியே சொல்லுங்க," என்றாள். ஒரு பச்சைப் புடவையை உதறி விரித்தாள்.

ஒவ்வொரு புடவையாக விரிய விரிய நான் சொன்னேன். நாற்காலி, எண், வெயில், பட்டியல். மாம்பழக் கலர் ஒன்றைப் பாதி விரித்த இடத்தில் அவள் கை நின்றது.

"அப்போ அந்தப் 'பேசவில்லை'ன்றது என்னைச் சொன்னது இல்லியா?"

"இல்லம்மா. சங்கீதாவைச் சொன்னது."

அவள் புடவையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே திரும்பப் பிரித்தாள். "காலேஜ்ல எங்க சார் லிஸ்ட்ட படிச்சாரு மேடம். தேன்மொழி, பேசவில்லைன்னு. கிளாஸே சிரிச்சிச்சி. நான் அவ்ளோ பேசினேனே, எப்டி பேசலைன்னு எழுதுவாங்கன்னு ராவெல்லாம் யோசிச்சிகினு இருந்தேன். அப்புறம் தோணிச்சி, நம்ம பேச்சு அவங்களுக்குப் பேச்சாவே தெரியல போலன்னு. சைதாப்பேட்ட பாஷையெல்லாம் கணக்குல வராது போலன்னு."

பார்க்கிற மாதிரி ஒரு முந்தானையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கப்புறம் ரெண்டு கம்பெனிக்குப் போனேன். வாயே தொறக்கல. மனப்பாடம் பண்ணின இங்கிலீசு நாலு வரி சொல்லிட்டு எந்திரிச்சி வந்துட்டேன். எங்கம்மா கேட்டாங்க, வீட்ல இந்தப் பேச்சு பேசறியே, அங்க இன்னா ஆச்சு உனக்குன்னு."

கைப்பையிலிருந்து சாரின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கூடவே என் மார்க் தாளின் ஜெராக்ஸ் ஒன்றும். அதை வெளியே கொண்டுவரக் கூடாது, விதி அப்படி. நான் விதியை மீறினது அந்த ஒரு தடவைதான், அதற்கு வருத்தமும் இல்லை. அவள் கடிதத்தை விட்டுவிட்டு ஜெராக்ஸைத்தான் படித்தாள். புடவைக் குவியலுக்கு மறைவில் பிடித்துக்கொண்டு, உதடு அசையப் படித்தாள்.

"வச்சிகினு கீறவங்கன்னே எழுதிக்கீறீங்க."

"நீ சொன்னது அதுதானே?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு கிண்டிக்கு நேர்காணலுக்கு வர முடியுமா என்று கேட்டேன். வேலை நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஓர் இடம் இருக்கிறது, இன்னும் இரண்டு பேரும் வருவார்கள் என்றேன்.

மற்றதை இங்கேயே முடித்துவிடுகிறேன். வியாழக்கிழமை அவள் வந்தாள். மூன்று பேரில் அவளைத்தான் எடுத்தோம், சாரங்கன் சார் அவளுக்காக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளே பேசிக்கொண்டாள். நாலு வருஷம் சர்வீஸ் டெஸ்கில் இருந்துவிட்டு இன்னும் பெரிய இடத்துக்குப் போனாள். எண்களை நாங்கள் நாற்காலியிலிருந்து எடுத்து, பிள்ளைகளின் சட்டையிலும் துப்பட்டாவிலும் குத்த ஆரம்பித்தோம்.

ஆனால் அந்தச் சாயங்காலம் இதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் வியாழக்கிழமை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சூப்பர்வைசர் வந்து நின்றுவிட்டார். தெற்கத்திக்காரர், நெற்றியில் திருநீறு.

"என்னம்மா, அரைமணி நேரமா விரிச்சுப் போட்டிருக்க. அம்மா எடுத்தாச்சா இல்லையா?"

தேன்மொழி ஜெராக்ஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவருக்கு நேராகத் திரும்பினாள்.

"வியாழக்கெழம அரை நாள் லீவு வேணும் சார். இன்டர்வியூ."

"ஆடி மாசத்துலயா லீவு கேக்க? காலேஜ்ல வச்ச இன்டர்வியூலயே நீ வாயே தொறக்கலன்னு சொன்னாவளே."

"தொறந்தேன் சார். நான் பேசினத வேற ஒருத்தங்க கணக்குல எழுதிட்டாங்க." அவள் குரலைத் தணிக்கவில்லை. பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். வரிசையில் நின்ற பெண்களும் திரும்பினார்கள். சூப்பர்வைசர் அவளை நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"அப்படியாம்மா?"

சத்தம் போடாமல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தவள் நான். கம்பெனி பெயர் வெளியே வரக்கூடாது என்ற பயமும் கைப்பையோடு கூடவே வந்திருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. இந்தப் பொண்ணு பேசினா. தப்பா எழுதினது நான்தான்," என்றேன், அந்த மாடியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.